தொட்டியைத் தாண்டும் மீன்

திருகோணமலைப் பட்டினத்திலே துறைமுகத்தை அடுத்து மேட்டுநிலம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்றும் தமிழில் உவர்மலை என்றும் அதனை வழங்குவர். மாலை வேளையில் அம்மேட்டிலிருந்து இறங்கிக் கரையோரம் சற்று நிற்பவர்கள் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். அசைவற்றுக் கிடக்கும் நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு திடீரென ஒரு மீன் எழும். ஒரு கணம் வெள்ளிக் கீற்றென மின்னும். மீண்டும் நீருள் விழுந்து மறையும். விரிந்து செல்லும் அலை வட்டங்களைத் தவிர வேறு அடையாளம் எதுவும் எஞ்சாது.

அதே மேட்டிலே ஒரு வீட்டின் முன்கூடத்தில், கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியொன்று இருப்பதாகக் கொள்க. முதல்நாள் வாங்கிவந்து விட்ட அழகிய சிறுமீனைக் காலையிலே காணவில்லை. கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் என்று பிள்ளைகள் தேடுகின்றனர். ஈற்றில், வீடு கூட்டுவதற்கு விளக்குமாற்றை எடுத்த தாயார், அலுமாரியின் அடியிலே சருகுபோல் உலர்ந்து கிடக்கும் அம்மீனைக் காண்கிறார்.

துறைமுகத்திலே துள்ளிய மீனும் முன்கூடத்திலே துள்ளிய மீனும் செய்த செயல் ஒன்றே. ஆயினும் ஒன்று பிழைத்தது, மற்றொன்று மாண்டது. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

மீன் தொட்டியை விட்டுப் பாய்ந்து இறப்பதற்குப் பலர் பலவாறு காரணம் கூறுவர். கடலை நினைந்து ஏங்கிய மீன் அதனைத் தேடிப் புறப்பட்டது என்பர் சிலர். சிறைவாழ்வை வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டது என்பர் வேறு சிலர். கேட்பதற்கு உருக்கமாக இருப்பினும் இவை மனிதரின் உள்ளத்தை மீனின்மேல் ஏற்றிக் கூறும் கூற்றுக்களே. மீன் சாவை நாடிப் பாயவில்லை; உயிரைக் காத்துக்கொள்ளவே பாய்கின்றது. அப்பாய்ச்சல் அதன் முன்னோரைத் தொன்றுதொட்டுக் காத்துவந்த உபாயமாகும்.

கடலிலே அது எவ்வாறு காக்கின்றது என்பதை மீனவர் நன்கறிவர். பாரை போன்ற கொடுமீன் துரத்தும்போது சிறுமீன்கள் கூட்டங்கூட்டமாக நீருக்குமேல் எழுந்து சிதறும். துரத்தி வந்த மீனுக்கோ, கண்முன் இருந்த இரை ஒரு கணத்தில் இல்லாதொழியும். எங்கே சென்றது, எங்கே விழும் என்று அது அறியாது திகைக்கும் வேளையில், பாய்ந்த மீன் சற்றுத் தள்ளி விழுந்து தப்பிவிடும். மடவை மீனின் துள்ளல் பெயர்பெற்றது. வலை வளைத்தால் அது வலையின் மேல்விளிம்பைத் தாண்டிப் பாயும். அதனாலேயே சில நாட்டு மீனவர்கள் நீருள் நிற்கும் வலையோடு நீர்மேல் மிதக்கும் வலையொன்றையும் சேர்த்துக் கட்டி, பாய்ந்து விழும் மடவையைப் பிடிக்கின்றனர். முரல் மீன் இரவிலே விளக்கொளியை நோக்கி ஈட்டிபோற் பாய்ந்து, தோணியில் இருப்போரைக் காயப்படுத்துவதும் உண்டு. பறவைக்கோலா என்னும் மீனோ இக்கலையிலே யாவற்றையும் விஞ்சியது. அகன்ற துடுப்புக்களைச் சிறகென விரித்துக் காற்றிலே அது மிதந்து செல்லும். 2008 ஆம் ஆண்டில் யப்பானியக் கடலிலே படமெடுக்கப்பட்ட ஒரு மீன் ஏறத்தாழ 45 செக்கன் நேரம் காற்றிலே சென்றது.

இவை யாவும் ஓர் உண்மையை அடிப்படையாகக் கொண்டவை. கடலிலே மேல்நோக்கிப் பாயும் மீன் எங்கே விழுந்தாலும் நீரிலேதான் விழும். நீருக்கு அப்பால் மரத்தரை உண்டென்றோ, சீமெந்துத் தரை உண்டென்றோ அறியவேண்டிய தேவை அதன் இனத்துக்கு ஒருபோதும் ஏற்பட்டதில்லை.

இனி, அப்பாய்ச்சல் நிகழும் முறையைச் சற்று நோக்குவோம். மீனின் பின்மூளையிலே, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு பெரிய நரம்புக் கலங்கள் உள்ளன. 19 ஆம் நூற்றாண்டிலே அவற்றை விவரித்த மௌத்னர் என்னும் அறிஞரின் பெயரால் அவை வழங்குகின்றன. ஓர் அதிர்ச்சி வலப்புறத்தில் உணரப்பட்டால், வலப்பக்கக் கலம் இடப்பக்கத் தசைகளை ஒருங்கே சுருங்கச் செய்கின்றது. உடல் பிறைபோல் வளைகின்றது. அடுத்த கணம் வால் நீரை ஓங்கி அறைய, மீன் அம்பெனப் பாய்கின்றது. அதிர்ச்சிக்கும் வளைவுக்கும் இடையே செல்லும் நேரம் ஒரு செக்கனில் நூற்றில் ஒரு பங்களவேயாம். இங்கே எண்ணிப் பார்த்தலுக்கோ, வழி தேர்தலுக்கோ இடமில்லை. தூசு விழப்போகும் வேளையில் மனிதனின் இமை தானே மூடிக்கொள்வதுபோல மீனும் தானே பாய்கின்றது.

நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப் போல ஏறத்தாழ 800 மடங்காகும். அத்தகைய கனத்த நீரைத் தள்ளிப் பழகிய உடல் மேற்பரப்பை விட்டு வெளிப்பட்டதும் தடை பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது. செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் நேர்மேலாக வெளிப்படும் மீன் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயரம் எழும். வேகம் 3 மீற்றராயின் உயரம் 45 சென்ரிமீற்றரைத் தாண்டும். வீட்டுத் தொட்டியிலே நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே நான்கைந்து சென்ரிமீற்றரே விடப்படுவது வழக்கம். விரலளவான மீனுக்கும் அது தடையன்று.

மீனின் பார்வையும் இதிலே பங்குகொள்கின்றது. நீருள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு, ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள வட்டமான பலகணி ஒன்றின் வழியாகவே வெளியுலகம் தெரியும். அவ்வட்டத்துக்கு அப்பால் நீரின் மேற்பரப்பு கீழே இருப்பவற்றைக் காட்டும் ஆடியாகிவிடும். ஆதலால் தொட்டியின்மேல் நீளும் மனிதக்கையும், சுவரிலே ஓடும் நிழலும், மேலிருந்து பாயும் கடற்பறவையாகவே அதற்குத் தோன்றக்கூடும்.

வீடுகளிலே கடல்நீர்த் தொட்டி வைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தது. இலண்டன் மிருகக்காட்சிச்சாலையிலே 1853 ஆம் ஆண்டில் மக்கள் காணத்தக்க முதல் மீன்காட்சி மனை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி கோஸ் என்னும் இயற்கை நூலார் எழுதிய நூல், ‘அக்குவேரியம்’ என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியது. சென்னைக் கடற்கரையிலே 1909 ஆம் ஆண்டில் ஒரு மீன்காட்சியகம் அமைந்தது. எனினும் நெடுங்காலம் தொட்டிகள் உலோகச் சட்டத்தாலேயே செய்யப்பட்டன. உவர்நீர் பட்டால் உலோகம் துருப்பிடிக்கும். ஆதலாற் சாதாரண வீடுகளில் நன்னீர் மீன்களே வளர்ந்தன. கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டும் சிலிக்கோன் பசை வந்த பின்னரே கடல்மீன் வீட்டுக்கு வரும் வழி இலகுவாயிற்று.

பழைய தொட்டிகளுக்கு மூடி இருந்தது. பின்னர் பவள உயிர்களையும் சேர்த்து வளர்க்கும் ஆவல் பரவியது. பவளத்துக்கு வலிய ஒளி வேண்டும். ஒளியை மறைக்கின்றது, வெப்பத்தைத் தேக்குகின்றது, அழகைக் கெடுக்கின்றது என்று கூறிப் பலர் மூடியை அகற்றினர். விளிம்புச் சட்டமுமின்றித் திறந்து கிடக்கும் தொட்டியே இன்று பலர் விரும்பும் தொட்டி. அத்திறந்த வாயின் வழியாகவே மீன்கள் தரையில் விழுகின்றன.

எல்லா மீன்களும் ஒரே அளவிற் பாய்வன அல்ல. கடற்குதிரை பாய்வதில்லை, நச்சு முள்ளுடைய சிங்கமீன் தன் முள்ளை நம்பி அமைதியாய் மிதக்கும். ஒளிந்து பிழைக்கும் சிறுமீன்களே பெரிதும் பாய்வன. அவற்றுள் நெருப்புக் கோபி எனத்தக்க மீனொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இந்து, பசிபிக் சமுத்திரங்களின் பவளப்பாறைகளில் வாழும் இது விரல் நீளமே உடையது. முன்னுடல் வெளிறியும் பின்னுடல் தீக்கொழுந்துபோற் சிவந்தும் இருக்கும். முதுகிலே நீண்ட முள்ளொன்று கொடிபோல் நிமிர்ந்து நிற்கும். மணலிலுள்ள ஒரு பொந்தின்மேல் மிதந்தவாறே நீரோட்டம் கொணரும் நுண்ணுயிர்களை உண்ணும். ஆபத்தெனக் கண்டால் இமைப்பொழுதிலே பொந்தினுட் புகும். தொட்டியிலோ பொந்தே இல்லாதிருக்கலாம். இருக்கும் பொந்தை வேறொரு மீன் கைப்பற்றியிருக்கலாம். கீழே வழி அடைபட்ட மீனுக்கு மேலே உள்ள வழி ஒன்றே மீதியாகின்றது.

இரவிலே மணலுள் புதைந்து உறங்கும் ராஸ் இன மீன்களும் இவ்வாறே. இவற்றின் ஆண்மீன்கள் ஒன்றையொன்று துரத்தும்போது, தோற்றது தொட்டிக்கு வெளியே விழும். அஞ்சாலை எனப்படும் பாம்புருவ மீனோ பாய்வதுமட்டுமன்றி ஊர்ந்தும் வெளியேறும். பாறை வெடிப்புக்களிலே நுழைந்து வாழ்ந்த அது, குழாய்க்கும் மின்கம்பிக்குமென விடப்பட்ட சிறு இடுக்கையும் வெடிப்பென்றே கருதித் தலையை நுழைத்துவிடும்.

வீட்டிலே மீனைப் பாயத் தூண்டும் காரணங்கள் நான்கு. முதலாவது, புதிய இடத்தின் அச்சம். புதிதாக வந்த மீன் முதற்சில இரவுகளிலே மிகுந்த ஆபத்தில் உள்ளது. எங்கே ஒளிவதென்று அது இன்னும் அறியவில்லை. பழைய மீன்களோ அதனைப் பகையென்று துரத்தும். கடலிலே துரத்தப்படும் மீன் இருபது முழம் ஓடினால் துரத்துவது திரும்பிவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அவ்வாறு ஓடுவதற்கு இடம் ஏது?

இரண்டாவது, ஒளியின் திடீர் மாற்றம். கடலிலே இருள் படிப்படியாகக் கவிகின்றது. அப்பொழுதிலே ஒவ்வொரு மீனும் தன் உறைவிடத்தை அடைகின்றது. வீட்டிலோ ஒரு விசையை அழுத்தியதும் நண்பகல் நள்ளிரவாகின்றது. நடுவெளியில் நிற்கும் மீன் திகைத்துப் பாய்கின்றது. நள்ளிரவில் எவரேனும் விளக்கை ஏற்றினாலும் விளைவு அதுவே.

மூன்றாவது, நீரின் கேடு. உண்ணாது எஞ்சிய உணவும் மீனின் கழிவும் அழுகி அமோனியா என்னும் நஞ்சாகின்றன. வெப்பமான நீரிலே பிராணவாயு குறைவாகவே கரையும். இவ்விரண்டும் கூடிய நீரிலிருந்து விலகிச் செல்ல மீன் முயல்கின்றது. கடலாயின் வேறிடம் செல்லலாம். தொட்டியிலோ வெளியே செல்வதொன்றே உண்டு.

நான்காவது, மின்தடை. இது மேற்கூறியவற்றுட் பலவற்றை ஒருங்கே கொணர்வது. 2022 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியிலே இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய வேளையில் விளக்கு திடீரென அணைகின்றது. நீரைச் சுழற்றும் பம்பியும் காற்றூட்டும் பம்பியும் நிற்கின்றன. பிராணவாயு குறையக் குறைய மீன்கள் மேற்பரப்பிலே வந்து வாயைத் திறந்து தவிக்கின்றன. மேற்பரப்பிலே திரளும் மீன் பாய்வதற்கு மிகச் சிறிய தூண்டலே போதும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பியொன்று இவ்வாபத்தைப் பெரிதும் குறைக்கும்.

தரையிலே விழுந்த மீன் எவ்வாறு இறக்கின்றது என்பது சிந்திக்கத் தக்கது. ஒரு லீற்றர் காற்றிலே ஏறத்தாழ 210 மில்லிலீற்றர் பிராணவாயு உண்டு. வெப்பவலயக் கடல்நீரிலோ, ஒரு லீற்றரில் ஐந்து மில்லிலீற்றருக்கும் குறைவாகவே உண்டு. அவ்வளவு செல்வத்தின் நடுவே மீன் மூச்சுத்திணறி மாள்கின்றது. காரணம் அதன் செவுளின் அமைப்பே. சந்தையிலே மீன் வாங்குவோர் புதுமை அறியத் திறந்து பார்க்கும் சிவந்த ‘பூ’ அதுவே. மெல்லிய இழைகள் பலவற்றாலாகிய அதனை நீர் தாங்கி விரித்து வைத்திருக்கின்றது. நீர் நீங்கியதும், கரைக்கு எடுத்த பாசியைப் போல இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; காற்றைத் தொடும் பரப்பு சுருங்கிவிடுகின்றது. பின்னர் இழைகள் உலர்கின்றன.

ஆயினும் செவுள் ஈரமாய் உள்ளவரை நம்பிக்கை உண்டு. தரையிற் கிடக்கும் மீனைக் கண்டதும் உலர்ந்த கையால் தொடலாகாது. தோலின்மேலுள்ள வழுவழுப்பான காப்பு அதனால் அழியும். கையைத் தொட்டி நீரிலே நனைத்துக்கொண்டு மெல்ல எடுத்து, அத்தொட்டியிலேயே, நீர் மெதுவாக ஓடும் இடத்தில் விடவேண்டும். தூசு கழுவுவதாக எண்ணிக் கிணற்று நீரில் இடுதல் தகாது. இறந்ததென எண்ணிய மீன் சில நிமிடங்களிற் செவுளை அசைத்துப் பிழைத்துக்கொண்டதும் உண்டு.

எனினும் மீட்பதிலும் காப்பதே மேல். காப்பு என்பது மூடியே. திருகோணமலை போன்ற வெப்பமான ஊரிலே கண்ணாடியால் இறுக மூடுதல் நன்றன்று. ஆனி, ஆடி மாதங்களிலே கச்சான் காற்று அனலென வீசும்போது, நீர் ஆவியாகி எழுவதனாலேயே தொட்டி சற்றுக் குளிர்கின்றது. இறுகிய மூடி அக்குளிர்ச்சியைத் தடுக்கும். காற்றுப் பரிமாற்றத்தையும் குறைக்கும். ஆதலால் வலைமூடியே இங்கே ஏற்றது. தொட்டியின் வாயளவுக்குச் சட்டமொன்று செய்து, கால் அங்குலக் கண்ணுடைய நைலோன் வலையை அதிலே இறுக்கிக் கட்டவேண்டும். ஒளி நுழையும், காற்று நுழையும், மீன் நுழையாது. இரும்பு வலை துருப்பிடிக்கும். செம்பு, பித்தளை ஆகியவற்றிலிருந்து சொட்டும் நீர் இறால், பவளம் முதலிய உயிர்களுக்கு நஞ்சாகும். குழாய் செல்லும் மூலைகளையும் வலைத்துண்டால் அடைத்தல் வேண்டும். பெரிய வாயிலைப் பூட்டிவிட்டுச் சிறிய பலகணியைத் திறந்து வைப்பதிற் பயனில்லை.

திறந்த வலையினூடே நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகின்றது. ஆகவே குறைந்த அளவை ஈடுசெய்யக் கடல்நீரை அன்று, தூய நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். இல்லையேல் உப்பு மிகுந்து, அதுவும் மீனை வருத்தும்.

மூடியோடு வேறு சிலவும் வேண்டும். மீன்களின் தொகையிலும் ஒளிவிடங்களின் தொகை மிகுதியாக இருக்கட்டும். தொட்டி விளக்கை அணைக்குமுன் அறை விளக்கு எரியட்டும். அதன் பின்னர் அதனையும் அணைக்கலாம். நிலவொளி போன்ற சிறு நீல விளக்கு இரவிலே துணைசெய்யும். புதிய மீனை விளக்கணைந்த தொட்டியிலே விட்டால், பழைய மீன்களின் பகை அன்றைக்கேனும் தணிந்திருக்கும்.

ஒரு சிறு மீனுக்காக இத்தனை பாடு ஏன் என்று கேட்போர் இருக்கலாம். அம்மீன் எங்கிருந்து வந்தது என்று அறிந்தோர் அவ்வாறு கேளார். நன்னீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளிற் பிறப்பன. கடல் அலங்கார மீன்களோ, மிகச் சிலவற்றைத் தவிர, கடலிலிருந்து நேரே பிடிக்கப்படுவன. இவ்வியாபாரம் உலகில் முதன்முதல் தொடங்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1930களிலேயே இங்கிருந்து சிறு அளவிற் கடல்மீன்கள் ஏற்றுமதியாயின. தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களிலே தெற்கு, மேற்குக் கடல்கள் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் தெளிந்திருக்கும். அக்காலத்திலே சுழியோடிகள் திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளுக்கு வருவர். பாறையின் அடியிலே மூச்சடக்கியும் காற்றுக் கலத்தைச் சுமந்தும் ஒவ்வொரு மீனாகப் பிடிப்பர். பிடித்த மீன் பையிலே அடைபட்டுக் கொழும்பு சென்று, அங்கிருந்து கடல்கடந்தும் செல்லும். அவ்வழியிலே பிழைத்து வந்த மீனே முன்கூடத்துத் தொட்டியை அடைகின்றது.

இத்தொழில் பாறைகளை அழித்துவிடாதிருக்கச் சட்டங்கள் உண்டு. பவளத்தின்மேற் போர்த்து மீனைப் பிடிக்கும் மொக்சி வலை, பவளக் கிளைகளை முறித்தமையால் 1996 ஆம் ஆண்டின் மீன்பிடி விதிகளாலே தடைசெய்யப்பட்டது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே மீனையோ பவளத்தையோ எடுத்தல் குற்றமாகும். ஆயினும் சட்டம் கடலைக் காக்கலாம். வீட்டுத் தொட்டிக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. தரையில் விழுந்து மாண்ட ஒரு மீனுக்குப் பதிலாக மற்றொன்றை வாங்கினால், பாறையிலே மற்றொரு பொந்து வெறுமையாகின்றது. கவனமற்ற ஒரு வீடு ஆண்டுதோறும் எத்தனை பொந்துகளை வெறுமையாக்கும் என்பதை அவ்வீட்டாரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலானது மீனுக்கு நீரை மட்டும் கொடுக்கவில்லை. ஓடுவதற்கு இடமும், ஒளிவதற்குப் பொந்தும், மெல்லக் கவியும் இருளும், பாய்ந்தால் ஏந்திக்கொள்ளும் மேற்பரப்பும் கொடுத்தது. மீனைத் தொட்டிக்குக் கொண்டுவந்தவர் நீரை மட்டும் ஊற்றிவிட்டு, ஏனையவற்றை மறந்துவிடுகிறார். மறந்தவற்றுள் எளிதிற் கொடுக்கத்தக்கது வலைமூடி. அரைநாள் வேலையும் சிறிது வலையும் அதற்குப் போதும். மீன் தன் இயல்பை மாற்றிக்கொள்ள இயலாது. வளர்ப்பவரோ தம் வழக்கத்தை இன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். ஆகவே கடல்மீன் வளர்க்க விரும்பும் நேயர்கள் முதலில் மூடியைச் செய்து வைத்துவிட்டு, அதன் பின்னரே மீனை வாங்கச் செல்வார்களாக.